ஒரே பொருள் என்று எழுதிவிடாதீர்கள்: ஆங்கில வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கில வினாத்தாள் அமைப்பாளர்களுக்கும் பாடநூல் சொற்பட்டியல் தொகுப்பாளர்களுக்கும் வணக்கம்.

அண்மையில் நடந்த தேர்வில் ‘டிஸ்இன்ட்ரஸ்டெட்’ என்ற சொல்லுக்கு இணையான சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தீர்கள். ‘அன்இன்ட்ரஸ்டெட்’ என்பதே சரி என்று உங்கள் விடைக்குறிப்பு சொல்கிறது. நடுநிலையான என்று பொருள்படும் ‘இம்பார்ஷியல்’ என்பதும் தெரிவுகளில் ஒன்றாக இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்த என் மாணவிக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. முறையிட்டோம். விடைக்குறிப்பே இறுதியானது என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

வழக்கின் முடிவால் தனக்கு ஆதாயமோ இழப்போ இல்லாத நீதிபதி டிஸ்இன்ட்ரஸ்டெட். வாதம் நடக்கும்போது கவனமில்லாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நீதிபதி அன்இன்ட்ரஸ்டெட். முதலாமவரிடம் நம் வழக்கை நம்பி ஒப்படைக்கலாம், இரண்டாமவரிடம் முடியாது. ‘ஆர்வமற்ற’ என்ற பொருளிலும் முதற்சொல் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆளப்பட்டிருக்கிறது, இன்றைய அகராதிகளும் அதைப் பதிவு செய்கின்றன என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அப்படியென்றால் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் தந்திருக்க வேண்டும். கவனமாக எழுதுவோர் இன்றளவும் காத்துவரும் பொருளைத் தவறென்று அடித்தது எப்படி நியாயமாகும்?

அந்த மாணவி ஆங்கிலத்தை வீட்டில் கேட்டுக் கற்றவள் அல்லள். நீங்கள் பாட இறுதியில் தரும் சொற்பட்டியலை நம்பிக் கற்றவள். அவளுடைய குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் சேஃப்டி, செக்யூரிட்டி, ப்ரொடெக்‌ஷன், டிஃபென்ஸ் என்று நான்கு சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. நான்குக்கும் நேரே உங்கள் பட்டியலில் இருந்தபடியே ‘பாதுகாப்பு’ என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தாள். கட்டடப் பணியிடத்தில் தலைக்கவசம் அணிவது சேஃப்டி, வாயிலில் காவலரை நிறுத்துவது செக்யூரிட்டி, முன்னது பெரும்பாலும் விபத்தைத் தவிர்ப்பதற்கு, பின்னது யாரேனும் வேண்டுமென்றே செய்யக்கூடிய தீங்கைத் தடுப்பதற்கு என்று நான் சொன்னதும், இதைப் பட்டியலிலேயே ஒரு வரி போட்டிருக்கலாமே என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

‘கட்டணம்’ என்ற சொல்லுக்கும் இதே நிலைதான். பயணத்துக்குக் கொடுப்பது ஃபேர், வழக்கறிஞருக்கோ மருத்துவருக்கோ கொடுப்பது ஃபீ, சாலையையோ பாலத்தையோ பயன்படுத்தக் கொடுப்பது டோல். தமிழில் ஒரு சொல் இவை அனைத்தையும் தாங்குவதில் குறையொன்றும் இல்லை. சூழல் பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதப் போகிறவனுக்கு அந்தச் சூழலைக் காட்டாமல் வெறும் ‘கட்டணம்’ என்று கொடுத்தால், அவன் விண்ணப்பத்தில் பேருந்துக்கு ஃபீ செலுத்தியதாகத்தான் எழுதுவான். பிறகு அவனுக்கு ஆங்கிலம் வராது என்று முத்திரை குத்துவோம்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான்: ஒரே தமிழ்ப்பொருள் பெறும் சொற்கள் வரும்போதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் தாருங்கள். அறிவியல் பாடநூல் எழுதியோர் வெப்பத்தையும் வெப்பநிலையையும் பிரித்துக் காட்டினார்கள், வானிலையையும் காலநிலையையும் பிரித்துக் காட்டினார்கள். அந்த அக்கறையில் ஒரு பங்கு மொழிப்பாடத்துக்கும் வேண்டும்.

‘இணைச்சொல் எழுதுக’ என்ற வினாவகையே மாணவர்களைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. பீட்டர் மார்க் ரோஜே 1852இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுத்தது. ஒரு கருத்தைச் சார்ந்த சொற்களை அருகருகே வைத்துப் பார்த்து, தனக்கு வேண்டியதை எழுதுபவர் தேர்ந்துகொள்ளத்தான் அந்த அமைப்பு. நாமோ அருகருகே நிற்பவை எல்லாம் ஒன்றே என்று சொல்லிக்கொடுக்கிறோம். மறுபுறம், ‘இன்’ என்று தொடங்கினால் எதிர்மறை என்றும் மனப்பாடம் செய்விக்கிறோம். இன்ஃபிளேமபிள் என்பதற்கு எளிதில் தீப்பற்றக்கூடியது என்று பொருள். ஃபிளேமபிள் என்பதற்கும் அதே பொருள்தான். தீப்பற்றாதது என்று யாரும் தவறாகப் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே, 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘இன்’ இல்லாத வடிவத்தைப் பயன்படுத்துமாறு வலியுறுத்தியது. சொற்பொருள் என்பது வெறும் மதிப்பெண் விவகாரம் இல்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். நீங்களும் உணர வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

என் குரல் சற்று உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட அந்த வினாவுக்கு ‘இம்பார்ஷியல்’ என்று விடையளித்த எல்லோருக்கும் மதிப்பெண் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பதிப்பின் சொற்பட்டியலில், ஒரே பொருள் தரப்பட்ட சொற்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்களைச் சேருங்கள். அந்த வேலைக்கு ஆள் போதாது என்றால் சொல்லி அனுப்புங்கள். வாக்கியங்களை எழுதித்தர நானும் என்னுடன் பணியாற்றும் ஆசிரியர்களும் ஊதியம் எதிர்பாராமல் வருகிறோம்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஓர் ஆங்கில ஆசிரியர்