தாய்லாந்தின் மகாச்சாயில் இருக்கும் மகளுக்கு

2021 ஜனவரி 3, ஞாயிறு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே பர்மாவில் நான், உன் அப்பா, தம்பி எல்லோரும் சுகம். நீயும் உன்னோடு அறையில் இருக்கும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பாலன் பிறப்புத் திருநாளுக்கு முந்தின நாள் நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். நானும் பேசி அனுப்பலாம் என்று பார்த்தால் ஆரம்பித்ததுமே தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். வேலையும் இல்லாமல் அறைக்குள்ளேயே இருக்கிறாய், மெதுவாகப் படி.

"பர்மாக்காரர்களான எங்களால்தான் கொரோனா நோய் வந்தது என்கிறார்கள், இந்த வருஷம் எனக்காக ஒன்றும் செய்யாதீர்கள், நான் காட்டு வழியாக வீட்டுக்கே வந்துவிடுகிறேன்" என்று சொன்னாயே, அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே முதலில் நோய் கண்டது இறால் சந்தையில் விற்கும் 67 வயது அம்மாவுக்கு என்று செய்தியில் போட்டார்கள். அந்த அம்மாவைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவரும் வயிற்றுப்பாட்டுக்குக் கடை போட்டவர்தானே. டிசம்பர் 19 அன்று ஒரே நாளில் 500 பேருக்கு மேல் என்றதும் சந்தையைச் சுற்றி முள்கம்பி இழுத்துக் கட்டும் படம் ஃபேஸ்புக்கில் வந்தது, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மாடியில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தில் உன் முகத்தைத் தேடினேன். ஓர் அறையில் ஆறு பேர் ஏழு பேர் என்று அடைத்துப் படுக்க வைத்து, ஒரே குழாயில் குளிக்க வைத்து, ராத்திரி பகலாய் இறால் உரிக்கச் சொன்னால் நோய் பரவாமல் என்ன செய்யும்? உழைக்கப் போன பிள்ளை தலை குனிய இதில் ஒன்றுமே இல்லை.

சரி, இப்போது ஊர் விஷயத்துக்கு வருகிறேன், ஆனால் திருநாளைச் சொல்வதற்கு முன்னால் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். போன மார்ச் கடைசியில் எல்லை ஊரான மியாவடி வழியாகத் தாய்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் திரும்பினார்களே, நம் ஊருக்கும் வந்தார்கள். அவர்களைத் தனியாக வைக்க வேண்டும் என்றதும் பள்ளிக்கூடத்தில் இடம் போதவில்லை, உபதேசியார் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டார். அதற்கு எழும்பிய எதிர்ப்பைக் கேட்டால் நீ நம்பமாட்டாய். கோயில் கிணற்றில் அவர்கள் வாளி போடக் கூடாது என்றார்கள், காற்று இந்தப் பக்கம் வீசுகிறது ஜன்னலைச் சாத்தச் சொல்லு என்றார்கள், ஞாயிறு தவறாமல் முன் வரிசையில் முட்டிபோடுகிறவர்களே அப்படிச் சொன்னார்கள். உன் அப்பா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. நம் வீட்டு வாளியையும் கயிற்றையும் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்துவிட்டு, தண்ணீரை நானே இறைத்து ஊற்றுகிறேன், யாரும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றார். விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போய் வந்த உடம்பு, வந்ததும் அங்கே போய் நின்றுவிடுவார். பெரிய வெள்ளி, உயிர்ப்பு ஞாயிறு எல்லாம் அந்தப் பிள்ளைகள் மண்டபத்துக்குள்ளேதான் கழித்தார்கள். ஒருவருக்கும் நோய் இல்லை என்று தெரிந்து வெளியே வந்தபோது, ஏசியவர்களில் சிலர் வாழைத்தாரும் இளநீரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிலர் வரவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், இந்த வருஷத் திருநாளை முன்னின்று நடத்தியதே அந்தப் பிள்ளைகள்தான். டிசம்பர் பிறக்கிற நடுச்சாமத்தில் ஸ்வீட் டிசம்பர் என்று கிதாரும் மத்தளமுமாக ஊரையே எழுப்புவீர்களே, அது இந்த முறை இல்லை. வீடு வீடாகப் போய்ப் பாடவும் ஊர்த்தலைவர் அனுமதி கொடுக்கவில்லை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நாடு முழுக்க 1,20,000 பேருக்கு மேல் நோய், 2,600 பேருக்கு மேல் இறந்தும்விட்டார்கள் என்று டிவிப் பெட்டியில் சொல்லும்போது யார்தான் அனுமதி கொடுப்பார்கள். மோல்மீனிலிருந்து சாமியாரும் வர முடியவில்லை. பூசை இல்லை, ஊர்வலம் இல்லை, விருந்து இல்லை, அப்புறம் என்ன திருநாள் என்று நான்கூட ஒரு மாதிரி சோர்ந்துதான் இருந்தேன்.

மியாவடி வழியாக வந்த பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் அந்த யோசனை. நாம் வீட்டுக்கு வீடு போக வேண்டாம், பாட்டு போகட்டும் என்றாள். கோயிலில் இருக்கிற ஒற்றை ஒலிபெருக்கி மேலத்தெருவுக்கே எட்டாது. எதிரே உள்ள புத்த மடத்துப் பெரிய பிக்கு பொங்கியிடம் போய்க் கேட்டார்கள். அவர் மடத்துக் குழாய் ஒலிபெருக்கிகளைக் கழற்றிக் கொடுத்ததோடு, ஒயர் இழுக்கத் தெரிந்த இரண்டு மோன் பையன்களையும் அனுப்பி வைத்தார். 24 அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவரவர் வீட்டுப் படலில் மெழுகுவர்த்தியோடு நின்றோம். கோயிலில் உபதேசியாரும் பாட்டுக்காரப் பிள்ளைகள் நான்கு பேரும் மட்டும் தள்ளித் தள்ளி நின்று ஆரம்பிக்க, ஊரே அங்கங்கே நின்று பாடியது. உனக்குத்தான் தெரியுமே, நம் தெரு எவ்வளவு நீளம். கோயில் பக்கத்தில் இருப்பவர்கள் முதல் அடியை முடிக்கும்போது ரப்பர் தோட்டத்து ஓரத்து வீடுகள் அப்போதுதான் அதைத் தொடங்குகின்றன, சத்தம் போய்ச் சேர நேரம் ஆகிறதா, இல்லை அந்தக் கிழவர்கள் எப்போதும் போல இழுத்துப் பாடினார்களா, தெரியவில்லை. இங்கே பாட்டு நின்ற பிறகும் அங்கேயிருந்து கடைசி அடி வந்துகொண்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கரேன் பாப்டிஸ்ட் சனங்கள் அதைக் கேட்டுவிட்டு அவர்கள் பாஷையில் ஒரு பாட்டுப் பாடினார்கள். பாதி எனக்குப் புரியாது, ஆனால் மெட்டு நம் மெட்டுத்தான், நானும் தமிழில் சேர்ந்து பாடினேன். இத்தனை வருஷத்தில் இரண்டு ஊரும் சேர்ந்து பாடியது இதுதான் முதல் தடவை.

உபதேசியார் மன்றாட்டு சொல்லும்போது, நோயாளிகளுக்காக, மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்காக என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "மகாச்சாயில் கம்பிக்குள் இருக்கும் நம் பிள்ளைகளுக்காக" என்றார். உங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொன்னார். உன் பெயர் அந்தக் குழாயில் வந்து தெரு முழுக்கக் கேட்டது, மடத்துக்கும் கேட்டிருக்கும். கிணற்றடியில் அன்றைக்குச் சத்தம் போட்ட அந்த மனுஷி எதிர்வீட்டுப் படலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள். அவள் மகனும் அங்கேதானே இருக்கிறான். நான் அவளிடம் பழையதைப் பேசப் போவதில்லை, நீயும் அவனிடம் பேசாதே.

அப்புறம் பூசை. ரங்கூனிலிருந்து ஃபேஸ்புக்கில் வந்ததை உன் அப்பா போனில் பார்த்தோம், நீ அனுப்பிய அதே போன்தான். பிரசங்கத்தில் பாதி சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. நற்கருணை நன்மை வாங்கும் நேரம் வந்தபோது எல்லோரும் கண்ணை மூடி மனதால் வாங்கும் செபத்தைச் சொன்னோம். 2017 நவம்பரில் போப்பாண்டவர் வந்தபோது கியாய்க்கசான் மைதானத்தில் நாம் பார்த்த பூசை ஞாபகம் இருக்கிறதா? ஏறக்குறைய 1,50,000 பேர் என்றார்கள், முதல் நாள் ராத்திரியே போய்ப் பாயை விரித்துத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், உனக்கு நின்று நின்று கால் வீங்கிவிட்டது. அத்தனை சனத்துக்குள் இருந்ததை நினைத்துக்கொண்டே ஒரு போனைச் சுற்றி மூன்று பேர் முட்டிபோட்டிருந்தோம். பூசைதான், குறைவு என்று நான் நினைக்கவில்லை, ஆனால் நன்மை வாங்காமல் வரும் பாலன் பிறப்புக்கு மனசு பழகாது அம்மாடி, பழகவும் வேண்டாம்.

விருந்தைச் சொல்ல மறந்துவிட்டேன். பெரிய சட்டியில் எல்லோருக்கும் ஒன்றாக ஆக்குவது முடியாதென்று ஆனதும், ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்துக்கொண்டோம். நம் வீட்டில் தேங்காய்ப்பால் சோறு, அடுத்த வீட்டில் கோழிக்கறி, மேலத்தெருவில் முறுக்கும் அதிரசமும். பொட்டலம் கட்டி ஒவ்வொரு படலிலும் மாட்டிவிட்டு, "திருநாள் சோறு" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். மடத்துக்கும் போயிற்று, விடியற்காலையிலேயே, மதியத்துக்குமேல் அவர்கள் சாப்பிடமாட்டார்களே. நவம்பரில் குடில் விளக்குக்கும் உன் பங்கு விருந்துக்கும் என்று உண்டியல் பணமாற்று ஆள் மூலமாக அனுப்பினாயே ஒரு தொகை, அதை விளக்குக்குச் செலவு செய்யவில்லை. ரப்பர் விலை இருக்கிற இருப்பில் கூலிக்குப் பால் வெட்டுகிறவர்கள் பாடு மோசம், அவர்கள் வீடுகளுக்கு அரிசியும் எண்ணெயும் வாங்கிக் கொடுத்துவிட்டோம். குடிலுக்குப் பழைய விளக்கே எரிந்தது. குடிலைத் தம்பி கட்டினான். கூரைக்குக் கீற்று, சுவருக்கு ரப்பர் கொட்டைகளை வரிசையாகப் பதித்திருக்கிறான், ஒவ்வொரு கொட்டையிலும் உள்ள புள்ளிகள் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்க நான்கு ராத்திரி விழித்திருந்தான். இன்று மூன்று ராசாக்களையும் வைத்தாயிற்று. படம் அனுப்புகிறேன்.

இப்போது காட்டு வழி. தரகர் பேசும் பேச்சு எனக்கும் வந்து சேர்ந்தது, எல்லையில் மூன்று பகோடா கணவாய்ப் பக்கமாக இரண்டே ராத்திரியில் கொண்டுவந்து விடுகிறேன் என்கிறானாம். அந்தக் காடு நம் குடும்பத்துக்குப் புதிதில்லை. என் தாத்தாவை மலாயாத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்கள் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனது அந்தக் காட்டில் தண்டவாளம் போடத்தான். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தார்கள், அவரோடு போன தமிழ்ச்சனம் எத்தனையோ பேர் காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள், தாத்தா தன்புசயாட்டுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டதால்தான் நாம் இந்த மண்ணில் இருக்கிறோம். தன்புசயாட்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வரிசையாகக் கல்லறை இருக்கிறது, நம் ஆட்களுக்கு அப்படி ஒரு கல்லும் கிடையாது. அந்தக் காட்டு வழியாக என் மகள் ராத்திரியில் யாரோ ஒருவன் பின்னால் நடந்து வர நான் சம்மதிக்கவே மாட்டேன். பிடிபட்டால் சிறை, பிடிபடாவிட்டால் அதைவிட மோசமானதும் நடக்கலாம். வந்து சேர்ந்தாலும் உன்னோடு நோயும் சேர்ந்து வந்தால் தெருவில் எத்தனை கிழடுகள் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்.

அதனால் இதைக் கேள். டிசம்பர் 29 அன்று தாய்லாந்து மந்திரிசபை ஒரு முடிவு எடுத்திருக்கிறது, கையில் காகிதம் இல்லாதவர்களும் ஜனவரி 15 முதல் பிப்ரவரி 13 வரை பேர் பதிந்துகொள்ளலாம், பரிசோதனை செய்துகொண்டு சட்டப்படி வேலை பார்க்கலாம் என்று. உன் அட்டை காலாவதியாகிக் கிடக்கிறது என்று சொன்னாயே, இது உனக்காகவே வந்தது மாதிரி இருக்கிறது. பேரைக் கொடுத்தால் பிடித்துப்போவார்கள் என்று அறையில் பயப்படுகிறார்கள் என்றாய். திருநாள் வாசகத்தைக் கேட்டாயா நீ? அகுஸ்து ராயன் குடிமதிப்பு எடுக்கச் சொன்னான் என்றுதான் சூசையப்பர் நிறைமாதக்காரியைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போனார், பேர் பதியத்தான் போனார். சத்திரத்தில் இடம் இல்லை என்றபோதும் பாதியில் திரும்பிவிடவில்லை. நீயும் போய் உன் பேரைப் பதி. தொழிலாளர்களுக்கு உதவும் பர்மா ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுச் செய், முன்பணம் கேட்கிற தரகனிடம் போகாதே, மூல அட்டையை யார் கையிலும் கொடுக்காதே, போட்டோ மட்டும் எடுத்துக் கொடு. பதிந்ததும் ரசீதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. பணம் போதாவிட்டால் சொல், அப்பா இரண்டு மாத ரப்பர் ஷீட்டை விற்காமல் வைத்திருக்கிறார், கொடுத்துவிடலாம்.

இன்னொன்று. உன் அறையில் இருக்கும் தவாய் ஊர்ப் பிள்ளை மாசமாக இருக்கிறாள் என்றாய். அவளைக் கூட்டத்தில் வரிசையில் நிற்க விடாதே, அவள் சாப்பாட்டையும் நீயே போய் வாங்கி வா. எத்தனை மாசம் என்று கேட்டு எழுது. அவள் அம்மாவுக்கு விஷயம் தெரியுமா? நம்பர் இருந்தால் அனுப்பி வை, நான் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

உன் அன்பு
அம்மா