சமையல் இதழ்களுக்குச் சந்தா கட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமையல் இதழ்களுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவோர் பலர் அட்டைப்படத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். நானும் அப்படிக் கட்டி ஏமாந்தவள்தான். இப்போதெல்லாம் புதிய இதழ் எதைப் புரட்டினாலும், வெங்காயத்தைப் பழுப்பேறி இனிக்கும்வரை வதக்கச் சொல்லும் குறிப்பு ஒன்றைத் தேடி, அதற்கு எத்தனை நிமிடம் தந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். சிறுதீயில் முக்கால் மணி நேரம்வரை பிடிக்கும் அந்த வேலைக்கு 10 நிமிடம் போதும் என்று அச்சிடுகிறவர்கள், அதை அடுப்பில் ஏற்றிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மாவின் அளவைக் கப்பில் மட்டும் சொல்லாமல் கிராமிலும் தருகிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டும். அழுத்தி நிரப்பிய கப்பும் தூவி நிரப்பிய கப்பும் ஒரே எடை இருப்பதில்லை.

அமெரிக்காவில் 1993-இல் தொடங்கப்பட்ட 'குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்', விளம்பரங்களை ஏற்காமல், ஒரே குறிப்பைப் பலமுறை சமைத்து, சரிவராத முயற்சிகளையும் வாசகரிடம் சொல்லியே பெயர் வாங்கியது. அதே நாட்டில் 1941 முதல் வெளிவந்த 'கூர்மே' இதழோ, விளம்பர வருவாய் சரிந்த நிலையில் 2009-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே, எவ்வளவு பழைய இதழானாலும், தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மூன்றாண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். நூலகத்தில் இரண்டு மூன்று பழைய இதழ்களை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குறிப்பையாவது சமைத்துப் பார்த்தபின் பணம் கட்டலாம்.

நூல் மதிப்புரைப் பக்கத்தில் சமையல் இதழ்களுக்கும் அவ்வப்போது இடமளிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி