தொகுதி எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆய்வேடுகளில் கருத்துத் திருட்டு குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மென்பொருள் காட்டும் விழுக்காட்டோடு நின்றுவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை கிடையாது என்பது சரியே. ஆனால், ஒன்றையும் திருடாமல், மூலத்தையும் குறிப்பிட்டு, அதைத் தவறாகக் குறிப்பிட்டுவிடுகிற ஆய்வாளரை எந்த மென்பொருளும் பிடிப்பதில்லை.

அண்மையில், பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் முனைவர் பட்ட மாணவி ஒருவர், இதே நகரின் டோம்லூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றித் தாம் எழுதிய இயலைப் பார்த்துத்தரச் சொன்னார். அடிக்குறிப்பில் ‘எபிகிராபியா கர்நாடிகா, தொகுதி 9’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. கர்நாடகக் கல்வெட்டுகளின் பல தொகுதிகள் கொண்ட தொகுப்பு அது. கல்வெட்டறிஞர் பி. எல். ரைஸ் பதிப்பித்து 1905இல் வெளிவந்த 9ஆம் தொகுதி பெங்களூரு மாவட்டத்துக்குரியது. மைசூர்ப் பல்கலைக்கழகம் பின்னாளில் கொண்டுவந்த திருத்திய பதிப்பிலோ, அதே 9ஆம் தொகுதியில் இருப்பவை பேலூர்க் கல்வெட்டுகள். தேர்வாளர் கைக்கு எட்டுவது பிந்தையதாக இருந்தால், டோம்லூரைத் தேடிப் போனவர் பேலூரின் ஹொய்சளர் கோயில் வாசலில் போய் நிற்பார். வட்டத்தின் பெயர், கல்வெட்டின் வரிசை எண், பதிப்பாண்டு மூன்றும் இருந்தால் இந்தக் குழப்பமே எழாது. அவற்றைக் கேட்டபோது, நூலகத்தில் கைப்பேசியால் எடுத்த படங்களைக் காட்டினார். வரிகள் தெளிவாக விழுந்திருந்தன. தலைப்புப் பக்கத்தை மட்டும் எடுக்கவில்லை. வரிசை எண்ணோ படத்தின் விளிம்பில் பாதியாக வெட்டுப்பட்டிருந்தது.

பழைய தமிழ் நூல்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். அட்டையில் ‘ஜய வருடம்’ என்று மட்டும் இருந்தால், அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1894ஆகவும் இருக்கலாம், 1954ஆகவும் இருக்கலாம். புத்தகம் கையில் இருக்கும்போதே அச்சகத்தின் பெயரையும் முகவுரையின் தேதியையும் குறித்துக்கொண்டால் தீரும் ஐயம், மூன்றாண்டு கழித்து ஆய்வேட்டைக் கட்டமைக்கும் அவசரத்தில் தீராது. ஏடு தந்தவர்களின் பெயரையும் ஊரையும் முகவுரையில் பதிந்துவைத்த உ.வே.சாமிநாதையர் வழிவந்த நமக்கு இது புதிய பாடமும் இல்லை.

மாணவி மறுபடி நூலகத்துக்குப் போய்த் தலைப்புப் பக்கத்தைப் படமெடுத்து வந்துவிட்டார். தங்கள் இதழும் மேற்கோள்களுக்குப் பதிப்பாண்டை விடாமல் அச்சிட வேண்டுகிறேன். சென்ற இதழின் அதே கட்டுரையில் எடுத்தாண்ட புறநானூற்று அடிகளுக்குப் பாட்டு எண் கூட இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.