மூன்றாவது வரியை எடுத்துவிடுங்கள்: விற்பனைப் பயிற்சிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சிப் பிரிவினருக்கு,

வணக்கம். தொலைபேசியில் வாடிக்கையாளர்களிடம் பேச நீங்கள் எழுதித் தந்த ஸ்கிரிப்ட்டின் மூன்றாவது வரி பற்றித்தான் இந்த மடல். "வீட்டில் எல்லோரும் நலமா?" என்று முதல் அரை நிமிடத்துக்குள் கேட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மார்க் குறையும்.

போன வாரம் ஒரு அம்மாவிடம் கேட்டேன். "அவர் போய் ஒரு மாசம் ஆகுதுப்பா" என்றார். ஸ்கிரிப்ட்டில் அடுத்த வரி: "மிக்க மகிழ்ச்சி! உங்களுக்காகவே ஒரு சலுகை." எனக்கு வாய் வரவில்லை. சும்மா இருந்தேன். அப்புறம் அவரே பேசினார். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி பழுது, இனி வீட்டில் ஒரே ஆள். "ஒருவருக்குச் சின்ன மாடலே போதும்மா, நிதானமாக யோசியுங்கள்" என்றேன். "நாளைக்கு நீயே கூப்பிடுவியா?" என்று கேட்டார். கூப்பிடுகிறேன் என்றேன்.

மறுநாள் அவர் எண் வேறொருவர் பட்டியலுக்குப் போய்விட்டது. அந்த விற்பனையாளரும் அம்மாவிடம் அதே மூன்றாவது வரியைக் கேட்டிருக்கிறார்.

எனக்கு வந்த மதிப்பீடு: "11 விநாடி மௌனம். உயர்ரக மாடலைப் பரிந்துரைக்கவில்லை."

விற்பனை முறைகளை ஆராய்ந்த நீல் ராக்கம் என்பவரின் குழுவினர் 12 ஆண்டுகளில் சுமார் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். சொந்த விஷயம் பேசி நெருங்குவது பெரிய விற்பனைகளில் கைகொடுக்கவில்லை. வாங்குபவரின் சிக்கலைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களே ஜெயித்தார்கள். நம்முடையது சின்ன விற்பனைதானே என்பீர்கள். சரி. சின்ன விற்பனை என்றால் துக்க வீட்டில் மகிழ்ச்சி தெரிவிக்கலாமா?

சிரித்துப் பேசினால் குரலில் தெரியும் என்று மேசைக்கு மேசை கண்ணாடி வேறு வைத்திருக்கிறீர்கள். "சலுகை இன்றோடு முடிகிறது" என்று மூன்று மாதமாகத் தினமும் சொல்கிறோம். சொல்லும்போது எங்கள் முகத்தை நாங்களே பார்க்க நல்ல ஏற்பாடு.

மன்னியுங்கள், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்பது இவ்வளவுதான்: மூன்றாவது வரியை எடுத்துவிடுங்கள். முடிந்தால், முதலில் பேசியவரே மறுபடியும் கூப்பிட வழி செய்யுங்கள்.

அந்த அம்மாவின் எண் அடுத்த சுற்றுப் பட்டியலிலும் இருக்கிறது. அதற்குள் தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தொலைபேசி விற்பனைப் பிரிவில் ஒருவன்