துச்சாதனனுக்கு இடம் தந்த கோயில் முற்றம்

ஆலய நிர்வாகத் தலைவர் ஐயாவுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திருவிழாவில் நாங்கள் போட்ட நாடகத்தில் குடிகார அப்பன் வரும் காட்சியை எடுத்தால்தான் மேடை என்று சொல்லி அனுப்பினீர்கள். "சாமி முன்னால சம்சு சாராயப் போத்தலா? சின்னப் பிள்ளைங்க பார்க்குதுங்க" என்றார் உங்களில் ஒருவர். எடுத்துவிட்டோம். மிஞ்சியது நல்ல அப்பா, நல்ல அம்மா, நன்றாகப் படிக்கும் மகன். இருபது நிமிடத்தில் முடிந்தது. பார்க்க வந்த பிள்ளைகள் கைப்பேசியை விட்டுத் தலை நிமிரவில்லை. நீங்களோ மகிழ்ந்து பொன்னாடை போர்த்தினீர்கள்.

ஒத்திகைக்கு நீங்கள் யாரும் வரவில்லை. அப்பன் தள்ளாடி விழுந்தபோது பெண்கள் சிரித்தார்கள். அவன் எட்டி உதைத்த சோற்றைச் சின்ன மகள் தரையிலிருந்து அள்ளிச் சட்டியில் போட்டபோது சிரிப்பு நின்றது. ஓர் ஆள் சிகரெட் பிடிக்க எழுந்து போனார். பற்ற வைக்காமல் வாசலிலேயே நின்று கடைசிவரை பார்த்தார். நீங்கள் கேட்கும் ஒழுக்கம் அங்கேதான் நடந்தது, ஐயா. வீட்டுக்குள் தனியாகப் பட்டதை அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து பார்க்கும்போது யாரும் யாருக்கும் உபதேசம் செய்யத் தேவையில்லை.

திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் துகிலுரிதல் உண்டு. சபை நடுவே ஒரு பெண்ணின் சேலையை இழுப்பதைவிடவா எங்கள் போத்தல் அசிங்கம்? ஆனால் நம் முன்னோர் அதை வெட்டவில்லை. கற்பூரம் காட்டி, அம்மன் பெயரைச் சொல்லி ஆடினார்கள். துச்சாதனனை ஒளித்துவிட்டால் திரௌபதி ஏன் கூந்தலை முடியாமல் இருந்தாள் என்று பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

1876-ல் ஆங்கிலேயர் இந்தியாவில் கொண்டுவந்த நாடகத் தடைச் சட்டத்திலும் ஆபாசம் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அவர்கள் உண்மையில் பயந்தது எதற்கு என்பது வேறு. நாடக நடிகர் விஸ்வநாததாஸ் முருகன் வேடத்தில் நின்று விடுதலைப் பாட்டுப் பாடினார். அதற்காகப் பலமுறை சிறைக்குப் போனார். 1940-ல் மேடையிலேயே உயிர் விட்டார். சாமி வேடம் போட்டவரே ஊர் நடப்பைப் பேசியிருக்கிறார். சாமிக்கு எதிரே நாங்கள் பேசக் கூடாதா?

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: நம் பினாங்கில் பசித்த ஆவிகள் மாதத்தில் சீனர்கள் தெருவில் கூத்து போடும்போது முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விடுகிறார்கள். நம் முன்வரிசை பிரமுகர்களுக்கு. அவர்கள் முகம் சுளிப்பார்களோ என்ற கவலைதான் எங்கள் காட்சியை வெட்டியது என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள்.

அடுத்த ஆண்டு முழு நாடகத்துக்கும் அரை மணி நேரம் கொடுங்கள். அதற்கு முன் மாதர் பிரிவினர் ஒருநாள் ஒத்திகைக்கு வரட்டும். வெட்டச் சொல்வதாக இருந்தால் அவர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம். போத்தலில் இருப்பது பச்சைத் தண்ணீர்தான். தலைவர் வேண்டுமானால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டே மேடையேற்றலாம்.

இப்படிக்கு,
உங்கள் பொன்னாடையை இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கும் நாடகக்காரன்