பியோரியாவில் வீடு வாங்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் இருந்துகொண்டு, இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் மலிவாகக் கிடைக்கும் பழைய வீடுகளை நேரில் பாராமலேயே வாங்கி வாடகைக்கு விட்டுவருகிற, அல்லது விடலாமா என்று யோசித்துவருகிற உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். நான் இந்த ஊரில் பதினோரு ஆண்டுகளாக இருப்பவன். முதல் நான்கு ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்துவிட்டுப் பிறகு கடன் வாங்கி ஒரு வீட்டை வாங்கியவன். ஆகையால் இரண்டு தரப்புக் கணக்கும் எனக்குப் பழக்கம். முதலீடு செய்வது தவறென்று நான் சொல்லவில்லை. ‘பியோரியாவில் வாழ்க்கைச் செலவு குறைவு’ என்ற ஒற்றை வரியை நம்பி நீங்கள் எக்செல்லில் போடும் கணக்கில் விடுபட்டுப்போகும் தொகைகளை, மாதாமாதம் வேறொருவர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதே என் முறையீடு.

அந்த வேறொருவரை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு எதிரே, நூறாண்டை நெருங்கும் ஒரு மரவீட்டில் இரண்டு பிள்ளைகளுடன் குடியிருந்த ஒரு பெண்மணி. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. 2019 ஜனவரிக் கடைசியில், துருவக் குளிர் இறங்கிவந்து மத்திய மேற்கு மாநிலங்களையே உறையவைத்த அந்த வாரத்தில், அவர் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோனது. வீட்டைப் பராமரிக்கும் ஏஜென்சியின் தொலைபேசி குரல் அஞ்சலுக்குப் போனது. மறுநாள் பேசியவர், புது ஃபர்னஸ் போட உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும், அவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார் என்றார். அன்று மாலை நான் எங்கள் வீட்டு மின் ஹீட்டரை எடுத்துக்கொண்டு போனபோது, சமையலறை ஜன்னலின் உட்புறக் கண்ணாடியில் பனி பூத்திருந்தது; நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. பிள்ளைகள் இருவரும் கோட்டைக் கழற்றாமல், கதவைத் திறந்துவைத்த ஓவன் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் வாடகை ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டி, “உங்கள் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே, இவரை உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். பெயரைப் படித்தேன். தெரியாது என்றேன், அது உண்மைதான். ஆனாலும் அந்தப் பெயர் சுத்தமான தமிழ்ப் பெயர்.

இந்த ஊரில் வீடு ஏன் மலிவு என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1970-இல் ஏறத்தாழ 1,27,000 பேர் இருந்த நகரில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இருந்தவர்கள் 1,13,150 பேர். கனரக இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் நிறுவனம் இந்த ஊரில் இருந்த தன் தலைமையகத்தை 2017-இல் சிகாகோவின் புறநகரான டீர்ஃபீல்டுக்கும், 2022-இல் அங்கிருந்து டெக்சஸின் இர்விங்குக்கும் கொண்டுபோனது. அதன் சென்னை அலுவலகத்திலிருந்து இங்கே வந்து இறங்கிய நம்மவர்கள் பலருக்கு அந்த அறிவிப்புகள் வந்த நாட்கள் நினைவிருக்கும். ஆள் குறைந்தால் வீட்டின் விலை குறையும். ஆனால் சாலையின் நீளம் குறையாது, குழாயின் நீளம் குறையாது, ஓய்வுபெற்ற காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் தரவேண்டிய ஓய்வூதியமும் குறையாது. அந்த ஓய்வூதியத்தில் கைவைக்கக் கூடாது என்று மாநிலத்தின் 1970-ஆம் ஆண்டு அரசியலமைப்பே சொல்கிறது. பள்ளிக்கூடம், பூங்கா, நூலகம் என்று வரிசையில் நிற்கும் அத்தனை அமைப்புகளும் தமக்கு வேண்டிய தொகையை மலிந்துபோன அதே வீடுகளின் மேல்தான் பிரித்துப்போட வேண்டும். வீட்டின் மதிப்பு சிறுக்கச் சிறுக்க, நூறு டாலருக்கு இத்தனை என்கிற வரி வீதம் பெருக்கிறது. நீங்கள் வியக்கும் குறைந்த விலையும் நீங்கள் நொந்துகொள்ளும் சொத்து வரியும் ஒரே காரணத்தில் பிறந்தவை.

உங்களில் பலர் ஏமாறுவது இந்த வரியில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். விற்பனை விளம்பரத்தில் போட்டிருக்கும் சொத்து வரி, விற்பவர் கட்டிய வரி. அதுவும் சென்ற ஆண்டுக்கான வரி, ஏனென்றால் இல்லினாயில் ஓராண்டின் வரியை அடுத்த ஆண்டில்தான் கட்டுகிறோம். விற்பவர் பெரும்பாலும் அந்த வீட்டிலேயே வாழ்ந்து முதுமையடைந்தவராக இருப்பார். வீட்டின் சந்தை மதிப்பில் மூன்றில் ஒரு பங்குதான் வரிக்குரிய மதிப்பு. அதிலும் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு 6,000 டாலரும், அறுபத்தைந்து வயதைக் கடந்தவருக்கு மேலும் 5,000 டாலரும் கழிவு உண்டு. 90,000 டாலர் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு 30,000. கழிவுகள் போக 19,000. கணக்குக்காக நூற்றுக்கு 9 டாலர் வரி என்று கொண்டால் அந்த முதியவர் கட்டியது 1,710 டாலர். அங்கே குடியிருக்காத உங்கள் பெயருக்கு வீடு மாறியதும் இரண்டு கழிவுகளும் போய்விடும். அதே வீட்டுக்கு அதே வீதத்தில் 2,700 டாலர். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு வரிக்குரிய மதிப்பையே உயராமல் நிறுத்திவைக்கும் சலுகையும் உண்டு. விற்றவருக்கு அது இருந்திருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கும். எதிர்பாராத அந்த 990 டாலரை நீங்கள் என்ன செய்வீர்கள்? பன்னிரண்டால் வகுத்து, மாதம் 82 டாலரை வாடகையில் ஏற்றுவீர்கள். வாடகைக்கு உச்சவரம்பு வைக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் இல்லை என்று 1997-இலேயே மாநிலம் சட்டம் இயற்றிவிட்டதால் உங்களைத் தடுப்பாரும் இல்லை. சொந்த வீட்டுக்காரனான எனக்குக் கிடைக்கும் கழிவு, என்னைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் எதிர்வீட்டு அம்மாளுக்குக் கிடைப்பதில்லை. அவர் குடியிருக்கும் வீட்டின் முழு வரியும் வாடகைக்குள் ஒளிந்துகொண்டு அவரிடமே வந்து சேர்கிறது.

வாடகைக்கு வெளியே வருபவற்றையும் பாருங்கள். இங்கே தண்ணீர் வீட்டுக்குள் வர ஒரு பில், கழிவாக வெளியே போக வேறொரு பில், மழையாகக் கூரைமேல் விழுந்து தெருவுக்கு ஓடினால் அதற்கு மூன்றாவதாக ஒரு பில். முதலாவது தனியார் குடிநீர் நிறுவனத்துக்கு, இரண்டாவது கழிவுநீர் வாரியத்துக்கு, மூன்றாவது நகராட்சிக்கு. மழைநீர்க் கட்டணத்தை நகராட்சி 2018-இல் தொடங்கியது. தண்ணீர் புகாத தரை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குக் கட்டணம். (குடிநீர் நிலையத்தைத் தனியாருக்குக் கொடுத்த 1889-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையை நகரம் தன் கையில் வைத்துக்கொண்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்தப் பேச்சு எழும், பிறகு அடங்கும்.) மழைநீர்க் கட்டணம் உங்கள் பெயருக்கு வந்தாலும் குடித்தனக்காரரின் தலையில்தான் போய் முடியும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மின்சாரமும் எரிவாயுவும் தனிக் கதை. ஊரை ஒட்டிய பார்ட்டன்வில்லில் இருந்த எட்வர்ட்ஸ் நிலக்கரி மின்நிலையம் 2022 முடிவில் மூடப்பட்டது; அதன் புகைக்காக இங்கே கண்ணீர் விட்டவர்களை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த வட்டாரம் முழுவதிலும் பழைய நிலையங்கள் மூடப்படும் வேகத்துக்குப் புதியவை எழவில்லை. கோடை உச்சத்துக்காக ஒரு மெகாவாட் திறனை ஒரு நாளைக்கு ஒதுக்கிவைக்கும் விலை, முந்தைய கோடையில் 30 டாலராக இருந்தது, 2025 கோடைக்கான ஏலத்தில் 666.50 டாலரானது. அதன் சுமை அந்த ஜூன் மாதத்திலிருந்தே வீட்டு பில்களில் ஏறியது. எரிவாயுவின் கதை குளிர்காலத்தில் நடக்கும். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, வீட்டைச் சூடாக்கும் இணைப்பைப் பாக்கிக்காகத் துண்டிக்கக் கூடாது என்பது மாநில விதி. அதனால் குளிர்காலம் முழுவதும் பாக்கி சேரும். ஏப்ரலில் துலிப் பூக்கும்போது துண்டிப்பு நோட்டீசும் வரும். மச்சில் வெப்பக் காப்பு இல்லாத, ஜன்னல் சட்டம் இற்றுப்போன உங்கள் வீட்டில் எரிகிற வாயுவில் கணிசமான பங்கு தெருவைத்தான் சூடாக்குகிறது. ‘யுட்டிலிட்டி எல்லாம் டெனன்ட் பொறுப்பு’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டதால், ஜன்னலை மாற்ற உங்களுக்குக் காரணம் இல்லை. ஜன்னல் தன்னுடையதில்லை என்பதால் அவருக்கு உரிமை இல்லை. அவரால் முடிந்தது, அக்டோபரில் பிளாஸ்டிக் தாளைக் கண்ணாடிமேல் ஒட்டித் தலை உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி இழுத்துவிடுவது. எங்கள் தெருவில் பாதிப் பேர் செய்யும் வேலை அது, நானும் செய்திருக்கிறேன்.

வருமானம் என்ன? இல்லினாயின் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜனவரி முதல் மணிக்கு 15 டாலர். முழு நேரம் உழைத்தால் மாதம் 2,600. வரிகள் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 2,150. அதிலிருந்து கார் ஓட வேண்டும். பேருந்து இருக்கிறது, ஆனால் வேலை முடிந்து, பிள்ளைகளைக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு, கடைக்கும் போய்த் திரும்புவது பேருந்தில் நடக்கிற காரியமில்லை. சிகாகோவுக்கு ஓடிக்கொண்டிருந்த ‘பியோரியா ராக்கெட்’ ரயில் 1978 கடைசியோடு நின்றது. இன்று ரயில் ஏற வேண்டுமானால் நார்மல் என்ற வேறோர் ஊருக்குக் காரில் போக வேண்டும். காரின் விலையோ டயரின் விலையோ மருந்தின் விலையோ பியோரியா என்பதற்காகக் குறைவதில்லை. வீடு ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு, ஊர்ச் சம்பளத்தில் வாழ்வதைத்தான் ‘செலவு குறைந்த நகரம்’ என்று பட்டியல் போடுகிறார்கள்.

உங்கள் வாட்சாப் குழு ஒன்றில் நண்பர் ஒருவர் என்னைச் சேர்த்திருந்தார். அங்கே படித்த ஓர் அறிவுரை: ‘அரசு வவுச்சர் வைத்திருப்பவர்களுக்கு வீடு தராதீர்கள்.’ வருமானம் குறைந்தவர்களின் வாடகைக்கு அரசு தரும் உதவிதான் அந்த வவுச்சர். வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காரணம் காட்டி வீடு மறுப்பது 2023 ஜனவரி 1 முதல் இல்லினாயில் சட்ட விரோதம். நாம் வந்த புதிதில், கடன் வரலாறு இல்லாத, விசாவில் வந்த ஒருவரை நம்பிச் சாவி கொடுத்த வீட்டுக்காரரை நம்மில் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருப்போம் என்றே நான் எண்ணியிருந்தேன்.

நான் கேட்பது பெரிதில்லை. வாங்குமுன் கழிவில்லாத வரியைக் கணக்கிட்டு, அதற்குத் தக்கபடி விலை பேசுங்கள். வாங்கிய பிறகு விழித்துக்கொண்டு வாடகையில் ஏற்றாதீர்கள். குடிவருபவரிடம் சென்ற ஜனவரியின் எரிவாயு பில்லை முன்கூட்டியே காட்டுங்கள். அதைக் காட்டக் கூச்சமாக இருந்தால் மச்சுக்கு வெப்பக் காப்பு போடுங்கள். ஃபர்னஸின் வயதை இன்றே விசாரியுங்கள். உங்களைக் கேளாமலேயே இரவு இரண்டு மணிக்கு ஆளை வரவழைத்துப் பணம் கொடுக்கும் அதிகாரமுள்ள ஒருவரை இந்த ஊருக்குள் வைத்திருங்கள்; 2019-இல் எதிர்வீட்டில் ஃபர்னஸ் எரிய நான்கு நாட்களானது, அப்படி ஒருவர் இல்லாததால்தான்.

அந்த அம்மாள் அடுத்த ஆண்டே வீட்டைக் காலி செய்துகொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு அந்த வீடு இரண்டு முறை கைமாறி, இப்போது மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரப் படங்களில் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருக்கிறது; ஜன்னல்கள் அவையேதான். உங்களில் யாருக்காவது அதை வாங்கும் எண்ணம் இருந்தால், ஜனவரியில் ஒரு நாள் நேரில் வாருங்கள். விமான நிலையத்துக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன். கையுறையைக் கழற்றிவிட்டு அந்தச் சமையலறை ஜன்னலின் ஓரத்தில் ஒரு நிமிடம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே விலை பேசுவோம்.

இப்படிக்கு,
எதிர்வீட்டுக்காரன்,
பியோரியா, இல்லினாய்