ஆதாரம் கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

"ஆதாரம் இல்லாமல் கடவுளை நம்புகிறவர் தன் அறிவுக்கே துரோகம் செய்கிறார், அண்ணா" என்று எழுதியிருந்தாய். யோசித்து எழுதிய வரி என்று தெரிந்தது. அதனால் நானும் யோசித்தே பதில் எழுதுகிறேன். நான் நம்புகிறவன். ஆனால் கடவுள் இருக்கிறார் என்று உனக்கு நிரூபித்துக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. உயிர்களின் அமைப்பில் இவ்வளவு நேர்த்தி இருக்கிறதே, யாரோ செய்திருக்கத்தானே வேண்டும் என்ற வாதத்தை எடுத்துக்கொண்டு வர மாட்டேன். அந்த நேர்த்தி இயற்கையாகவே படிப்படியாக வரக்கூடும் என்று டார்வின் காட்டிய பிறகு அதற்குப் பழைய பலம் இல்லை.

நீ சொல்வதை மிகக் கறாராகச் சொன்னவர் வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். போதிய ஆதாரம் இல்லாமல் எதையும் நம்புவது எங்கேயும், எப்போதும், யாருக்கும் தவறு என்று 1877ல் எழுதினார். அதற்கு அவர் சொன்ன உதாரணம் ஒரு கப்பல் முதலாளி. பழைய கப்பல், அடிக்கடி பழுது பார்த்தது. வேறு நாட்டில் குடியேறப் போகும் குடும்பங்களை ஏற்றி அனுப்ப வேண்டும். கப்பல் தாங்குமா என்று முதலாளிக்குச் சந்தேகம் வருகிறது. இத்தனை தடவை பத்திரமாகப் போய் வந்ததுதானே, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார். உண்மையிலேயே நம்பவும் தொடங்கிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறார்.

இந்தக் கதையைக் கொஞ்சம் நின்று பார். அந்த மனிதரிடம் ஆதாரம் இல்லை என்பதா பிரச்சினை? இருந்ததே! கப்பல் பழசு என்று தெரியும், பழுது பார்க்க வேண்டும் என்று தெரியும். கண்முன் இருந்ததைத் தனக்கு லாபம் என்பதற்காக அமுக்கிவிட்டார். அது அயோக்கியத்தனம், சந்தேகமே இல்லை. ஆனால் எதிராக இருக்கும் ஆதாரத்தை அமுக்கிவிட்டு நம்புவது ஒன்று, எந்தப் பக்கமும் முடிவான ஆதாரம் இல்லாத இடத்தில் நம்புவது வேறொன்று. கிளிஃபர்ட் முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் சேர்த்துக் கண்டித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஆதாரம் இல்லாமல் நாம் வேறு எதையாவது நம்புகிறோமா? ஏராளமாக. நேற்று என்று ஒரு நாள் இருந்தது என்பதை எடுத்துக்கொள். இந்த உலகம் ஐந்து நிமிடத்துக்கு முன்பு, நம் ஞாபகங்கள் எல்லாவற்றோடும் சேர்ந்து தோன்றியிருந்தால் அதை மறுக்கத் தர்க்கத்தில் வழியில்லை என்று 1921ல் எழுதியவர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர். அவர் கடவுளை நம்பாதவர். ஞாபகத்தை நம்பலாம் என்று காட்டுவதற்கும் ஞாபகம்தான் வேண்டியிருக்கிறது. அதற்காக நேற்றை நம்புகிறவனை முட்டாள் என்று நாம் சொல்வதில்லை.

இந்த இடத்தில் மீமாம்சகர்கள், அதாவது வேதத்துக்குப் பொருள் காணும் பழைய இந்தியத் தத்துவ மரபினர், எனக்கு உதவுகிறார்கள். மனதில் எழும் ஓர் அறிவை, அது பொய்யென்று காட்டப்படும் வரை மெய்யென்றே கொள்ள வேண்டும் என்பது அவர்களில் ஒருவரான குமாரிலரின் வாதம். ஏழாம் நூற்றாண்டுக்காரர். ஒவ்வொன்றையும் முதலில் நிரூபி என்று கேட்டால், அந்த நிரூபணத்துக்கு இன்னொரு நிரூபணம் என்று போய்க்கொண்டே இருக்குமே! இதைச் சொன்ன அதே குமாரிலர், உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதை ஏற்கவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. இந்த வழி கடவுளைக் காப்பாற்றுவதற்காக வளைத்துச் செய்த வழி இல்லை என்பதற்கு அவரே சாட்சி.

நீ உடனே கேட்பாய்: நேற்றை எல்லோரும் நம்புகிறார்கள், கடவுளை அப்படியில்லையே? நம்புகிறவர்களும் ஆளுக்கொரு கடவுளைச் சொல்கிறார்களே? இது உன் பக்கத்தில் உள்ள மிக பலமான வாதம். இதைக் கேட்ட பிறகு என் உறுதி கொஞ்சம் குறையத்தான் வேண்டும், குறைந்தும் இருக்கிறது. ஆனால் உறுதி குறைவதும் நம்பிக்கை நியாயமற்றதாகிவிடுவதும் ஒன்றல்ல. எந்த மனிதனையும் அடிமையாக வைத்திருப்பது தவறு என்று நீ நம்புகிறாய். இதை நிரூபிக்க உன்னிடம் என்ன இருக்கிறது? அரிஸ்டாட்டில் போன்ற அறிவாளியே இதை ஏற்கவில்லை. அதனால் நீ அதைக் கைவிடப் போவதில்லை, கைவிடவும் கூடாது.

என்னை உண்மையில் தூங்கவிடாத கேள்வி வேறு. குழந்தைகள் படும் வலி. "ஆதாரம் இல்லை" என்பதைவிட இது பெரியது, ஏனென்றால் இது எதிர்ப்பக்கத்து ஆதாரம். முன்வினை என்று சிலர் சொல்கிறார்கள், சோதனை என்று சிலர். இரண்டையும் ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது. என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அமுக்கிவிட்டால் நானும் அந்தக் கப்பல் முதலாளிதான். ஆகவே அதை வைத்துக்கொண்டேதான் கும்பிடுகிறேன். ஒருநாள் அது என் நம்பிக்கையை வென்றுவிடலாம், அதுவும் எனக்குத் தெரியும்.

அப்புறம், நீ கடைசியில் கேட்டதற்கு: ஆம், பிரார்த்தனை போதும் என்று பிள்ளைக்கு மருந்து கொடுக்காத பெற்றோர் விஷயத்தில் நான் முழுக்க உன் பக்கம். அங்கே ஆதாரம் இருக்கிறது, உயிர் இன்னொருவருடையது. அவர்கள் என்னைப் போலவே நம்புகிறவர்கள் என்பதற்காக அவர்களுக்குப் பரிந்து ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்